சொல்லாமற் போகும் ஏடு

எழுத்தைத் தாங்குவதற்கு ஒரு பொருள் வேண்டும். கல், செம்பு, ஓலை, தாள் என்று அப்பொருள் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. பொருள் மாறுந்தோறும் அது கெடும் முறையும் மாறியிருக்கிறது. கல்லெழுத்து தேய்ந்தது, ஓலையைச் செல் அரித்தது, தாளை நீர் குழைத்தது. நம் காலத்தில் எழுத்தையும் படத்தையும் கணக்கையும் தாங்கி நிற்பது, மடிக்கணினியின் உள்ளே 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதாய்ப் பொருத்தப்படும் ஒரு சிறு பலகை. அறிவியல் நூலோர் இதனைத் திண்மநிலைச் சேமிப்பகம் என்பர்; கடைத்தெருவில் எஸ்.எஸ்.டி. என்று கேட்டால் எடுத்துத் தருவர். இது தோன்றிய வரலாறு யாது, எவ்வாறு பழுதுபடுகிறது, இதனை எவ்வளவு நம்பலாம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்குக் காரணம்

யான் பணியாற்றும் பள்ளி, கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தோன்றியது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்ட பின்னும், தோட்டத்தின் பெயரைப் பள்ளி மட்டும் இன்றுவரை தாங்கி நிற்கிறது. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் மாணவரின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், தந்தையின் பெயர், குடியிருந்த லயத்தின் எண் ஆகியவை மையெழுத்தில் இருந்தன. 2019ஆம் ஆண்டில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்காக அவ்வேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, என் மடிக்கணினியில் சேர்த்து வைத்தேன். 2021 டிசம்பர் நடுவில் பெய்த பெருமழையால் ஷா ஆலமும் கிள்ளானும் நீரில் மிதந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மூல ஏடுகள் சேற்றோடு சேறாயின. படங்கள் இருக்கின்றனவே என்று அன்று ஆறுதல் கொண்டேன்.

2023ஆம் ஆண்டில் ஒருநாள் காலை மடிக்கணினியைத் திறந்தேன். சேமிப்பகம் எதுவும் காணப்படவில்லை என்று திரை அறிவித்தது. முதல்நாள் இரவு பத்து மணிவரை ஒரு குறையும் இன்றி இயங்கிய கருவி அது. பிரிக்பீல்ட்ஸில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் அப்பலகையை வேறொரு கருவியிற் பொருத்திப் பார்த்துவிட்டு, "பழைய ஹார்டு டிஸ்க்கா இருந்தா டிக் டிக்னு சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்திருக்கும் சார். இது சொல்லாமப் போயிரும்" என்றார். இவ்வொரு சொற்றொடரில் ஐம்பது ஆண்டுத் தொழில்நுட்ப வரலாறு அடங்கியிருப்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

இழப்பின் அளவு அதற்கு மறு ஆண்டு தெரிந்தது. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் பள்ளிக்கு வந்தார். அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. "வாத்தியாரையா, நான் இந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன், இங்கதான் ஒண்ணாங்கிளாஸ் படிச்சேன். பழைய புத்தகத்துல எம்பேரு இருக்கும். அத மட்டும் எடுத்துக் குடுங்க" என்று கேட்டார். தாம் பிறந்தது 1958 என்பது அவர் கூற்று. பிறப்புப் பத்திரம் இல்லை. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை இந்நாட்டில் பிறந்தோர், பிறந்த அளவிலேயே சட்டப்படி குடிமக்கள் ஆவர் என்பது நம் அரசியலமைப்பின் விதி. ஆகவே பிறந்த ஆண்டும் பிறந்த இடமும் குறித்த ஒரு வரி, அவருக்கு நீல அடையாள அட்டைக்குரிய சான்றுகளுள் ஒன்றாகியிருக்கும். அவ்வரி ஒருகால் என் கையில் இருந்தது. இப்போது இல்லை.

குற்றம் கருவியுடையதா, கருவியை நம்பிய முறையுடையதா என்னும் வினா அன்றே எழுந்தது. அதற்கு விடை காணவேண்டின், இக்கருவிக்கு முன்னிருந்த வன்தட்டின் கதையிலிருந்து தொடங்கவேண்டும்.

வன்தட்டும் பெட்டாலிங் ஜெயாவும்

சுழலும் தட்டில் காந்த முறையால் எழுத்தைப் பதிக்கும் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அப்பெருங்கருவியில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. பின்னர் தட்டுகள் சிறுத்தன, கொள்ளளவு பெருகியது. உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டுகள் மடிக்கணினிகளில் இடம் பெற்றன.

இவ்வன்தட்டின் வரலாற்றில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் பங்கு உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் என்னும் அமெரிக்க நிறுவனம் 1973இல் மலேசியாவிற்கு வந்தது. பிற்காலத்தில் பெட்டாலிங் ஜெயாவில் அந்நிறுவனத்தின் வன்தட்டுத் தொழிற்சாலை இயங்கியது. 1970களில் தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் வந்த காலத்தில், பால்வெட்டை விட்டு மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்ற இளம் பெண்கள் பலர். யான் சிறுவனாக இருந்தபோது, விடியுமுன் லயத்து முனையில் சீருடையோடு தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்ற அக்காமாரைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய தாயாரின் கையில் பால்வாளி இருந்தது. இவர்கள் கையில் சோற்றுப் பாத்திரம் இருந்தது. உலகின் நினைவுக் கருவிகளை இணைத்துக் கொடுத்த கைகளுள் நம்மவர் கைகளும் இருந்தன என்பது நினைக்கத்தக்கது.

வன்தட்டில் நொடிதோறும் சுழலும் பகுதி உண்டு. தட்டைத் தொடாமல் அதன்மேல் மிதக்கும் ஊசித்தலை உண்டு. ஆதலின் வீழ்ந்தால் உடையும், ஆடினால் கீறும். ஆனால் அது கெடும்போது பெரும்பாலும் முன்னறிவிப்புச் செய்யும். தட்டும் ஓசை கேட்கும். கோப்பைத் திறக்க நேரம் பிடிக்கும். ஓரிரு பகுதிகள் மட்டும் படிக்க இயலாமற் போகும். அதற்குள் பிறவற்றைப் படியெடுத்துக் கொள்ளலாம். முழுதும் நின்றுவிட்டாலுங்கூட, தூசியற்ற அறையில் தட்டுகளை வெளியிலெடுத்துப் படிக்கும் வல்லுநர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

2018 ஜூலைத் திங்களில், வன்தட்டிற்குத் தேவை குறைந்து வருவதைக் காரணங்காட்டி, பெட்டாலிங் ஜெயா ஆலையை 2019இன் இறுதிக்குள் மூடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. பினாங்கில் திண்மநிலைச் சேமிப்பகங்களின் உற்பத்தியைப் பெருக்குவதாகவும் அதே அறிவிப்பில் கூறியது. ஓசையிடும் தட்டின் காலம் முடிந்து, ஓசையற்ற சில்லின் காலம் வந்தது என்பதற்கு நம் கண்முன் நிகழ்ந்த சான்று இது.

சில்லின் பிறப்பு

ஓசையற்ற இச்சில்லின் மூலக்கருத்து 1967இல் தோன்றியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாவோன் காங், சைமன் சே என்னும் இருவர், மின்காப்புப் படலத்தால் நாற்புறமும் சூழப்பட்ட ஒரு சிற்றறையில் எலெக்ட்ரான் என்னும் மின்துகள்களை அடைத்து வைக்கலாம் என்று காட்டினர். மின்சாரம் நின்ற பின்னும் அத்துகள்கள் அங்கேயே தங்கும். துகள் இருத்தல் ஒரு குறி. இல்லாமை மற்றொரு குறி. இவ்விரு குறிகளால் எந்த எழுத்தையும் எழுதிவிடலாம்.

இக்கருத்தை வளர்த்து, பல சிற்றறைகளை ஒரே நேரத்தில் அழித்து எழுதத்தக்க நினைவகத்தை 1984இல் உலகிற்கு அறிவித்தவர், ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் இருந்த புஜியோ மசுவோகா. ஒளிப்படக் கருவியின் மின்வெட்டுப் போல நொடியில் அழிப்பதனால் இதற்குப் பிளாஷ் என்று பெயர் வந்தது. குறைந்த இடத்தில் மிகுதியாக எழுதவல்ல மற்றொரு வகையை அவரே 1987இல் வெளியிட்டார். இன்றைய சேமிப்பகங்கள் யாவும் அவ்வகையின் வழித்தோன்றல்களே எனலாம்.

கான்பூரில் பிறந்த சஞ்சய் மேரோத்ரா, எலி ஹராரி, ஜாக் யுவான் ஆகிய மூவரும் 1988இல் சன்டிஸ்க் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். இதுவே பின்னர் சான்டிஸ்க் ஆயிற்று. 1991இல் 20 மெகாபைட் கொள்ளளவுடைய ஒரு சேமிப்பகத்தை ஐ.பி.எம். நிறுவனத்திற்கு அவர்கள் அளித்தனர். அதன் விலை ஏறத்தாழ 1000 அமெரிக்க வெள்ளி. அவ்விலை காரணமாக இக்கருவி நெடுநாள் பொதுமக்கள் கைக்கு எட்டவில்லை. 2007ஆம் ஆண்டளவில் 4 கிகாபைட் சில்லோடு சிறிய மடிக்கணினிகள் விற்பனைக்கு வந்தன. 2008இல் இண்டெல் நிறுவனம் 80 கிகாபைட் சேமிப்பகத்தை வெளியிட்டது. அதன்பின் விலை ஆண்டுதோறும் வீழ, வன்தட்டு மடிக்கணினியை விட்டு மெல்ல வெளியேறியது.

பானையும் நீரும்

இச்சில்லு கெடுவது எவ்வாறு? வகுப்பறையில் சொல்வது போலவே ஈண்டும் சொல்கிறேன். ஒவ்வொரு சிற்றறையையும் ஒரு மண்பானை என்று கொள்வோம். மின்துகளே அதனுள் இருக்கும் நீர். தொடக்கக் காலச் சில்லில் பானை நிறைந்திருக்கிறதா, வெறுமையா என்று மட்டுமே பார்த்தனர். ஆகவே சிறிது நீர் கசிந்தாலும் விடை மாறவில்லை. விலையைக் குறைக்கவேண்டி, ஒரே பானையில் மேலும் பல அளவுகளைக் குறிக்கத் தொடங்கினர். முதலில் நான்கு அளவு, பின்னர் எட்டு, இப்போது பதினாறு. ஒரு பானைக்குப் பதினாறு கோடு கிழித்தால், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே உள்ள இடம் மிகச் சிறிதாகிறது. சிறு கசிவும் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக்கிவிடும். இதனைச் சரி செய்யப் பிழைதிருத்தும் கணக்குகள் சில்லோடு சேர்க்கப்பட்டிருக்கின்றன. அக்கணக்கிற்கும் ஓர் எல்லை உண்டு.

இரண்டாவது குறை தேய்மானம். பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதினால் அவ்விடத்தில் தாள் மெலியும். அதுபோல, சிற்றறையில் எழுதியழிக்குந்தோறும் அதன் காப்புப் படலம் நலிகிறது. ஒரே இடம் தேயாதபடி, எழுத்தைச் சில்லு முழுதும் மாற்றி மாற்றிப் பரப்பும் வேலையைக் கட்டுப்பாட்டுச் சில்லு என்னும் மற்றோர் உறுப்புச் செய்கிறது.

மூன்றாவது குறை இதிலிருந்தே பிறக்கிறது. என் மடிக்கணினியின் கதையை விளக்குவதும் இதுவே. எழுத்து இடம் மாறிக்கொண்டே இருப்பதால், எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பெயரடைவு வேண்டும். ஒரு பெரிய நூலகத்தில் நூல்களை நாள்தோறும் இடம் மாற்றி வைத்து, மாற்றத்தை ஒரே ஒரு குறிப்பேட்டில் மட்டும் எழுதி வருவதாகக் கருதுக. அக்குறிப்பேடு கெட்டால், அல்லது அதனைப் படிக்கத் தெரிந்த நூலகர் மறைந்தால், ஒரு நூலும் அழியாதிருந்தும் ஒரு நூலையும் எடுக்க இயலாது. மேலும் இன்றைய சேமிப்பகங்கள் பல, எழுத்தை மறைகுறியாக்கியே எழுதுகின்றன. திறவுகோல் அக்கட்டுப்பாட்டுச் சில்லின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே நினைவுச் சில்லைத் தனியே கழற்றியெடுத்தாலும் பயனின்றிப் போகிறது. வன்தட்டு சிறிது சிறிதாய்க் கெடுவதும், இது ஒரே நொடியில் முழுதும் மறைவதும் இதனாலேயே.

பிழைகளின் வரலாறு

இக்கருவி தோன்றிய நாள்தொட்டு நேர்ந்த பிழைகளை ஆண்டு வாரியாக நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 2011இல் இண்டெல் நிறுவனத்தின் 320 வரிசைச் சேமிப்பகங்களுள் சில, மின்சாரம் திடீரென நின்று மீண்டபின், தம் கொள்ளளவு 8 மெகாபைட் மட்டுமே என்று கூறின. உள்ளிருந்தவை யாவும் எட்டாமற் போயின. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனம் உள்நிரலைத் திருத்தி வெளியிட்டது. உள்நிரல் என்பது கட்டுப்பாட்டுச் சில்லை நடத்தும் கட்டளைத் தொகுதி. குருஷியல் நிறுவனத்தின் எம்4 என்னும் சேமிப்பகம், மொத்தம் 5184 மணி நேரம், அதாவது 216 நாள் இயங்கியதும் செயலற்று நின்றது. மீண்டும் தொடங்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடிப் பின்னரும் நின்றது. 2012 ஜனவரியில் அதற்கும் திருத்தம் வந்தது.

2013 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம், 2012 ஜூன் முதல் 2013 ஜூன் வரை விற்ற மேக்புக் ஏர் மடிக்கணினிகளுள் 64, 128 கிகாபைட் சேமிப்பகம் உடையவற்றில் பழுது நேரலாம் என்று அறிவித்து, கட்டணமின்றி மாற்றித் தந்தது. அதே ஆண்டின் இறுதியில், இத்துறையில் விரைந்து வளர்ந்திருந்த ஓ.சி.இசட். நிறுவனம் நொடிப்பு நிலையை அடைந்தது. தோஷிபா அதனை வாங்கிக்கொண்டது. 2014இல் சாம்சங் நிறுவனத்தின் 840 ஈவோ சேமிப்பகத்தில், பல வாரங்களுக்கு முன் எழுதிய கோப்புகளைப் படிக்கும் வேகம் மிகக் குறைந்தது. பானைக்கு எட்டு அளவு குறித்த வகை அது. முதல் திருத்தம் போதாமையால், பழைய எழுத்தை அவ்வப்போது தானே புதுப்பித்துக்கொள்ளும் உள்நிரலை 2015இல் வெளியிட்டனர்.

2019 நவம்பரில் ஹியூலெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கை யாவற்றினும் வியப்பிற்குரியது. அந்நிறுவனத்தின் பெருங்கணினிகளில் இருந்த சில வகைச் சேமிப்பகங்கள், மிகச் சரியாக 32,768 மணி நேரம் இயங்கியதும் மீட்க இயலாதபடி செத்துப்போகும் என்பதே அவ்வெச்சரிக்கை. மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம் என்று கணக்கிட்டும் கூறினர். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது இவ்வெண் என்பதைக் கணித ஆசிரியர்கள் உடனே உணர்வர். மறு ஆண்டு, 40,000 மணி நேரத்தில் நிற்கும் வேறு வகைகள் பற்றியும் அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் இயக்கப்பட்ட நான்கு சேமிப்பகங்கள் ஒரே நாளில் சாகும் என்பது இதன் பொருள். அவை மடிக்கணினிக்கு உரியன அல்லவாயினும், அவற்றின் பாடம் நமக்கும் உரியதே.

இப்பட்டியலிலிருந்து பெறப்படும் உண்மை யாது? கருவி தேய்ந்து முதுமையால் மடிந்த நிகழ்ச்சிகள் இவற்றுள் அரியன. கட்டளைத் தொகுதியில் ஏற்பட்ட பிழையும், பெயரடைவு குலைந்தமையுமே பலவற்றிற்குக் காரணம். பொருளின் நலிவைவிட அதனை ஆளும் நிரலின் நலிவே மிகுதியும் இடர் விளைத்தது.

ஆய்வாளர் கண்டவை

இவ்வளவும் கூறியபின், இக்கருவியை வேண்டாம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 2016இல் பியாங்கா ஷ்ரோடர், ராகவ் லாகிசெட்டி, ஆரிப் மெர்ச்சண்ட் ஆகியோர் கூகுள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுக் காலம் பயன்பட்ட சேமிப்பகங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். வன்தட்டுகளை விடத் திண்மநிலைச் சேமிப்பகங்களை மாற்றவேண்டிய தேவை குறைவாகவே நேர்ந்தது என்று அவர்கள் கண்டனர். ஆனால் திருத்த இயலாத பிழைகள் இவற்றில் மிகுதி. சேமிப்பக வகைக்கு ஏற்ப நூற்றுக்கு 20 முதல் 63 வரையிலானவை முதல் நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அத்தகைய பிழைக்கு உள்ளாயின. எழுதியழித்த அளவைக் காட்டிலும் கருவியின் வயது முதன்மையானது என்பதும் அவர்கள் முடிவு. விலை மிகுந்த வகை நெடுநாள் உழைக்கும் என்னும் நம்பிக்கைக்கும் அவர்கள் ஆதரவு காணவில்லை.

ஆகவே திண்மநிலைச் சேமிப்பகம் வன்தட்டினும் தாழ்ந்ததன்று. மடிக்கணினியைக் கைதவறிக் கீழே போட்டாலும் இது பிழைக்கும். வன்தட்டு பிழைப்பது அரிது. நாள்தோறும் புத்தகப் பையோடு எடுத்துச் செல்லும் ஆசிரியருக்கு இஃது ஒரு பேறே.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். இத்துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2010இல் ஒரு விதி செய்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் சேமிப்பகம், எழுதும் தவணை முழுதும் தீர்ந்த பின்னரும், மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டுக் காலம் எழுத்தைக் காக்கவேண்டும் என்பதே அது. புதிய சேமிப்பகம் இதனினும் பன்மடங்கு நாள் காக்கும். ஆயினும் வெப்பம் ஏற ஏறப் பானையின் கசிவு விரைவுபடும். கோலாலம்பூரில் நண்பகல் வெப்பம் 32 பாகையைத் தொடுவது இயல்பு. வெயிலில் நிறுத்திய காரினுள் அது மேலும் ஏறும். தேய்ந்த பழைய சேமிப்பகத்தை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடத்திவிட்டு, என்றோ ஒருநாள் திறந்து பார்க்கலாம் என்று இருப்பது தகாது.

முன்னோர் கொண்ட முறை

நம் முன்னோரும் அழியும் பொருளின்மேல்தான் எழுதினர். ஏறத்தாழ 1006இல் முதலாம் இராசராசன், கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். கடாரம் என்பது நம் கெடா மாநிலம் என்பது அறிஞர் கொள்கை. அக்கொடை நிலைபெறும் பொருட்டு அவன் மைந்தன் இராசேந்திரன் அதனைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். 21 ஏடுகள் கொண்ட அத்தொகுதி லெய்டன் செப்பேடுகள் என்று இன்று வழங்குகிறது. அழியாமை வேண்டியபோது, தந்தையின் ஆணையை மைந்தன் வலிமையான வேறொரு பொருளுக்கு மாற்றினான் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

செம்பு அரசர்க்கு வாய்த்தது; புலவர்க்கு வாய்த்தது பனையோலையே. ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்காது. பழைய ஏடு நைந்தபோது புதிய ஏட்டில் படியெடுத்தனர். நைந்ததை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர். படியெடுக்காமலே ஆற்றில் விட்ட இடங்களில் நூல்கள் மறைந்தன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடி, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், ஒரே நூலின் பல படிகள் பல ஊர்களில் இருந்தமையே. ஒரு படியில் செல்லரித்த இடத்தை மற்றொரு படி நிரப்பியது. இதற்கு மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களுக்கு வேறிடத்தில் படி இருந்தது. படியில்லாத சுவடிகள் மீளவில்லை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய முயற்சி, ஈழத்து நூல்களை மின்வடிவாக்கிப் பலரும் படியெடுத்துக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறது.

ஓலை நம்பத்தக்க பொருளன்று. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுத் தமிழை அது நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது. ஓலை நிலையாது என்பதை ஒவ்வோர் தலைமுறையும் அறிந்திருந்தது, அறிந்தமையால் படியெடுத்தது. நம் கையிலுள்ள சில்லு பளபளப்பாய், உறுதியாய், ஓசையற்று இருப்பதால், அதுவும் அழியும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஓலை நைவது கண்ணுக்குத் தெரிந்தது. சில்லு நைவது தெரிவதில்லை. படியெடுக்கவேண்டிய காலத்தை ஓலை தானே அறிவித்தது. சில்லுக்கு அக்காலத்தை நாமே குறித்துக்கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். குற்றம் என்னுடையதே. 2019இல் படம் பிடித்தபோது ஒரு விரலளவுச் சேமிப்பியிலும் படி எடுத்திருந்தேன். தேர்வுத்தாள் தயாரிக்க இடம் வேண்டி, அதனை யானே அழித்தேன். மூல ஏடு சேறானபின் எஞ்சியது ஒரே படி என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் குடும்பங்களுக்கும் நான்கு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, எதனையும் மூன்று படி வையுங்கள். ஒன்று திண்மநிலைச் சேமிப்பகத்தில் இருந்தால் மற்றொன்று வன்தட்டிலோ தாளிலோ இருக்கட்டும். ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கருவிகள் இரண்டு படி ஆகா. இரண்டாவது, ஒரு படி வேறோர் ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். கிள்ளானில் வெள்ளம் வந்தால் ஈப்போவில் உள்ள படி நனையாது. மூன்றாவது, ஆண்டிற்கு ஒருமுறை, பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேனும், எல்லாப் படிகளையும் திறந்து பாருங்கள். திறந்து பார்த்த நாளைப் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சேமிப்பகத்திற்கு உள்நிரல் திருத்தம் வந்திருந்தால், முதலில் படியெடுத்துவிட்டுப் பின்னர் அதனைப் பொருத்துங்கள். நான்காவது, ஒருவருடைய உரிமை தொங்கும் பக்கத்தைத் தாளில் அச்சிட்டு உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது செய்தியை யான் அறிந்தது காலங்கடந்து. 2019 ஒன்றுகூடலில் காட்சிக்கு வைக்க, பதிவேட்டின் 40 பக்கங்களை அச்சிட்டிருந்தோம். மேல்மாடி அறையில் சுருட்டி வைத்திருந்த அவை வெள்ளத்திற்குத் தப்பின. அம்மையாரை உட்கார வைத்து, அவர் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். அவர் அண்ணன் பெயர் இருந்தது. பக்கத்து லயத்துத் தோழியின் பெயர் இருந்தது. 1965ஆம் ஆண்டுப் பக்கம் அவற்றுள் இல்லை.

அண்ணன் பெயர் உள்ள பக்கத்தைப் படியெடுத்து, அத்தோடு என் கடிதம் ஒன்றும், உடன் படித்த இருவரின் உறுதிமொழியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. எஞ்சிய 40 பக்கங்களும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றில் பெயருள்ளவர்களைத் தேடி, அவரவர் பக்கத்தை அவரவர் கையில் சேர்க்கும் பணியை எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் தொடங்கியிருக்கிறார்கள்.